உள்ளே ஒன்றுமில்லாத கிட்டார்

காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு அந்தப் பட்டறைக்கு வருகிறவரிடம் யாரும் நின்று பேசமாட்டார்கள். குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே கடைசி மூலையைக் கைகாட்டி விடுவார்கள். அங்கே காதுக்காரர் இருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை.

அவருடைய கருவி, கைப்பிடி தேய்ந்துபோன ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். ஓடுகிற எஞ்சினில் அதன் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். இரண்டு மூன்று இடம் மாற்றி வைப்பார். "வாட்டர் பம்ப் பேரிங் போயிடுச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். முப்பது வருஷத்தில் தவறியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதையும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. அந்த ஸ்க்ரூடிரைவரை வேறு யாரும் தொடக்கூடாது. அவசரத்துக்கு ஒரு டப்பா மூடியைத் திறக்கக் கேட்டால்கூட முறைப்பார்.

ஒரே ஒருவரைத்தான் அவர், காரில் கோளாறே இல்லை என்று திருப்பி அனுப்பினார். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். சின்னக் காரை ஓட்டிக்கொண்டு மூன்று வாரம் விடாமல் வந்தார். வண்டு பறப்பதுபோல ஏதோ சத்தம் கேட்கிறதாம். காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தெரு சுற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"இப்ப கேக்குதா சார்?"

"கேக்குதே."

"அப்ப வண்டில ஒண்ணும் இல்ல சார். ஒரு நடை காது டாக்டரைப் பாத்துட்டு வாங்க."

பெரியவர் பார்த்துவிட்டு வந்து நன்றியும் சொன்னார். பட்டறை ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. காதுக்காரரும் கூடச் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

இந்த மனிதருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஓர் ஆசை இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு பாட்டுக் கச்சேரிக்கு ஸ்பீக்கர் தூக்கப் போயிருந்தார். மேடையில் ஒருவர் மடியில் அகலமான ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. மற்ற எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் கெட்டிப் பலகை. இது பலகை இல்லை, கூடு. மேலே வயலினில் இருப்பதுபோல நெளிந்த துளைகள் இரண்டு. பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. மைக் செத்தது, கீபோர்டு செத்தது, பாடகர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்தக் கிட்டார் மட்டும், யாரைக் கேட்டு நிறுத்த வேண்டும் என்பதுபோல, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரண்ட் இல்லாமல் அது எங்கிருந்து பேசுகிறது என்று அந்தத் துளைக்குள் எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தான்.

எட்டிப் பார்க்க முப்பத்துமூன்று வருஷம் ஆனது. நடுவில் ஒரு பழைய மரக் கிட்டாரை வாங்கி, விரல் காய்த்துப்போக வாசித்துக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டுக் கிட்டாரின் விலையைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கடைக்காரர்கள் அவருடைய கிரீஸ் கறை படிந்த கையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். இந்த வருஷம்தான் ஏதோ ஒரு புதிய தொழிற்சாலை அதையே சாதாரண மனிதர்கள் வாங்குகிற விலைக்குச் செய்து அனுப்பியது. கடையில் வந்திறங்கிய நாலில் மூன்று போய்விட்டன. நாலாவது காதுக்காரர் வீட்டுக்கு வந்தது. கூடவே, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, மிதியடி அகலத்தில் ஒரு சின்ன ஆம்ப் பெட்டி. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்குங்க" என்று காதுக்காரர் சிரித்தார்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பகலெல்லாம் பீப் பீப் என்று கத்துகிற இயந்திரங்களுக்கு நடுவில் நின்றுவிட்டு வருகிறவள். அட்டைப் பெட்டியிலிருந்து கிட்டாரை அவர் வெளியே எடுத்ததும் விரலை மடக்கி அதன் முதுகில் தட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா முப்பத்துமூணு வருஷம்?"

"ஒண்ணும் இல்லாததாலதான்."

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு என் கைப்பையைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, மாசக் கடைசில அதுவும் இப்படித்தான் இருக்கும்."

அவர் காதில் அது விழவில்லை. டார்ச்சைத் துளைக்குள் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் பசை வழிந்து காய்ந்திருந்தது. சிவப்பு ஒயர் ஒன்று ஓரமாக ஓடியது. கொஞ்சம் மரத்தூள். முதுகுப் பலகையின் உள்பக்கம் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு ஏழு என்று எழுதியிருந்தது. எதற்கு ஏழு, யார் போட்ட அம்பு, எந்தப் பக்கம் போகச் சொல்லி? அன்று சாப்பிடும்போதும் அதே யோசனைதான். மனைவி இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, பிறகு அவளே ஊற்றி வைத்தாள்.

தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, ஹாலில் பீரோவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, ஆம்பின் அடாப்டரைச் சுவரில் சொருகி ஆன் செய்துவிட்டு வாசித்தார். தேன் குடித்த நரி என்றால் அவர்தான். ஒரே ஒரு குறை. ஆம்ப் போட்டதும் மனைவி எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். வார்டில் வேலை அதிகம் போலிருக்கிறது, பாட்டும் அவளுக்கு அவ்வளவு ஆகாது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதில் கொஞ்சம் வருத்தமும் பட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்து மீட்டினார். ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘கிர்ர்’ என்று ஒன்று கேட்டது. மறுபடி மீட்டினார். மறுபடி கிர்ர். மேல் கட்டத்தில் இல்லை, கீழ்க் கட்டத்தில் இல்லை. அந்த ஒரே ஸ்வரத்தில் மட்டும்.

"இங்க கொஞ்சம் வாயேன்," என்று கூப்பிட்டார். அவள் பால்கனிக் கதவருகே வந்து நின்றாள். "ஆம்ப் போட்டா ஏதாச்சும் தப்பா சத்தம் கேக்குதா உனக்கு?"

அவள் கிட்டாரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு, வாசிங்க."

அன்று ஆரம்பித்தது வேட்டை. சத்தம் பிடிப்பதில் பேர்போன மனிதர், சொந்தக் கிட்டாரை விட்டுவிடுவாரா? முதலில் எல்லா ஸ்க்ரூவையும் சோதித்தார். எல்லாம் இறுக்கம். கம்பிகளைக் கழற்றி மாட்டினார். ஒயர் எங்கேயாவது மரத்தில் உரசுகிறதோ என்று, எஞ்சின் சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கிற ஒயர் கேமராவைப் பட்டறையிலிருந்து கொண்டுபோகக் கேட்டார். அதை எடுத்துக் கொடுத்த பட்டறைப் பெயின்ட்டர் கண்ணை உருட்டினான்.

"கிட்டாருக்கு எண்டோஸ்கோப்பியா அண்ணே? வெறும் வயித்துலதான் எடுக்கணும்."

"அது எப்பவும் வெறும் வயிறுதான்டா. குடு."

"அது இருக்கட்டும், கம்ப்ரஸர் குழாய்ல காத்து கசியுது, காலைலேர்ந்து சீறிக்கிட்டே இருக்கு. உங்க பக்கத்துலதானே இருக்கு, சொல்லக்கூடாதா?"

"எங்க?" என்றார் காதுக்காரர். பெயின்ட்டர் குழாயின் இணைப்பில் விரலை வைத்து அடைத்துக் காட்டினான். கிட்டார் நினைப்பில் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார்.

கேமரா எல்லாவற்றையும் காட்டியது. ஒயர் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. அம்பும் ஏழும் பெரிதாகத் தெரிந்தன. உடைந்தது, விட்டுப்போனது, ஆடுவது எதுவும் இல்லை. கடைசியாக ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையில் துணி சுற்றி கிட்டாரின் வயிற்றில் வைத்து, கைப்பிடியைக் காதாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து மீட்டினார். உள்ளே மணி மணியாக இருந்தது. கிர்ர் என்ற பேச்சே இல்லை. கைப்பிடியிலிருந்து காதை எடுத்து, ஆம்பைக் கூட்டி மீட்டினால் கிர்ர்.

போனில் பதிவு செய்து மறுநாள் பெயின்ட்டரிடம் போட்டுக் காட்டினார். பட்டறை இரைச்சலுக்கு நடுவில் அவன் போனைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டான்.

"ஒண்ணும் இல்லையேண்ணே. சூப்பரா வாசிக்கறீங்க."

காதுக்காரர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கிட்டாருக்குள் சத்தம் இல்லை. மனைவிக்குக் கேட்கவில்லை. பெயின்ட்டருக்குக் கேட்கவில்லை. கேட்கிற ஒரே ஆள் அவர்தான். தலைமை எழுத்தரின் ஞாபகம் வந்தது. அந்த மாதச் சிரிப்பு முழுவதும் திரும்பி வந்து அவரைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. காது போனால் அந்தப் பட்டறையில் அவர் யார்? ஸ்பானர் பிடிக்கிற இன்னொரு வயதான ஆள். சோறு போட்டதே அந்தக் காதுதான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சத்தம் கேட்டு வந்த ஒரு காரை, வழக்கமாக இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்பவர், ஒன்பது இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மனைவி துணி மடித்து முடித்து ஹாலுக்கு வந்தபோது, ஆம்ப் ஆன் ஆகி இருந்தது. கிட்டார் ஸ்டூலில் சாய்ந்திருந்தது. அவர் அட்டைப் பெட்டியைக் கீழே இறக்கித் தெர்மகோலைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"குடுத்துடலாம்னு."

"எதை?"

அவர் டேப்பின் நுனியை நகத்தால் தேடினார். அவள் வந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முப்பத்துமூணு வருஷம் வாய் ஓயாம பேசிட்டு, பத்து நாள்ல குடுக்கறதுன்னா என்ன அர்த்தம்?"

"ஒரு சத்தம் வருது. எனக்கு மட்டும்தான் கேக்குது. கிட்டார்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் பாத்துட்டேன். உனக்கும் கேக்கலைன்னுட்ட. அப்ப கோளாறு எங்க இருக்கு? என் காதுல இருக்கு. தெனமும் இதைக் கையில எடுத்து அதைத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணுமா? எனக்கு பயமா இருக்கு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தச் சத்தம்? வாசிங்க பாப்போம்."

அவர் கிட்டாரை எடுத்து மீட்டினார். கிர்ர்.

"இதுவா? இது நல்லாக் கேக்குதே."

காதுக்காரர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "கேக்குதா?"

"நாலு நாளாக் கேக்குது. கிட்டார்னா இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். நிறுத்தாம வாசிங்க."

அவர் அதே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்ட, அவள் எழுந்து நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல ஹாலைச் சுற்றினாள். ஜன்னலில் கை வைத்தாள். கிர்ர். பீரோ கைப்பிடியைப் பிடித்தாள். கிர்ர். பீரோவுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை விரல் நுனியால் அழுத்தினாள். நின்றுவிட்டது. விட்டாள், கிர்ர். சட்டத்தின் பின் அட்டையில் ஓர் ஆணி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம ரெண்டு பேரும்தாங்க முணுமுணுத்திருக்கோம்," என்றாள். "வண்டியையே குடைஞ்சா போதுமா? அது நிக்கிற தெருவையும் கொஞ்சம் பாக்கணும்."

முப்பது வருஷம் கோளாறை இயந்திரத்துக்குள்ளேயே தேடிப் பழகிய மனிதருக்குச் சுவரைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது. துடைத்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்புறம் ஏன் அன்னிக்கு ஒண்ணும் கேக்கலைன்னு சொன்ன?"

"நீங்க அந்தக் கீச்சைத்தான் கேக்கறீங்கன்னு நினைச்சேன். ஆமான்னு சொன்னா உடனே திருப்பிக் குடுத்துடுவீங்க. பொட்டு அளவு குறை இருந்தாலும் உங்களுக்கு ஆகாதே. அதான் பொய் சொன்னேன்."

"எந்தக் கீச்சு?"

"விளையாடாதீங்க. ஆம்ப் போட்டதும் வருமே, ஊசியைக் காதுல விட்ட மாதிரி."

"இப்ப வருதா?"

"வந்துட்டுதானே இருக்கு," என்று சொன்னவள், பாதியிலேயே அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் மாறியது. வார்டில் வைத்துக்கொள்கிற முகம் அது. வீட்டில் அதை அவர் அதிகம் பார்த்ததில்லை.

அவர் ஆம்ப் அருகே குனிந்தார். ‘ம்ம்’ என்று அடித்தொண்டையில் அது முனகுவது கேட்டது. அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்ப் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினார். முனகல் பெரிதானது. தன் நாடித் துடிப்பும் கேட்டது. கீச்சு மட்டும் இல்லை. காற்று கசிந்த குழாயும் பெயின்ட்டரின் விரலும் நினைவுக்கு வந்தன. பால்கனியும் தைலமும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு தடயம் அவருக்கு அதிகம்: மெல்லிய உச்சச் சத்தம் எதுவும் இப்போது அவர் காதுக்கு எட்டுவதில்லை. இறங்கிய பாறாங்கல் மறுபடி ஏறி உட்கார்ந்தது. இந்தத் தடவை அதில் சந்தேகம் இல்லாததால் கனம் மட்டுமே இருந்தது.

ஆனால் பழகிப்போன மனம் சும்மா இருக்குமா, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டது.

"நான் ஒண்ணொண்ணாப் பிடுங்கறேன்," என்றார். "நின்னுதுன்னா சொல்லு."

கிட்டார் ஒயரைப் பிடுங்கினார். "இருக்கு," என்றாள். ஆம்ப் சுவிட்சை அணைத்தார். "இருக்கு." சுவரில் சொருகியிருந்த கறுப்பு அடாப்டரைப் பிடுங்கினார்.

"போச்சு."

அவருக்கு எதுவும் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இன்னும் சூடு ஆறாத அடாப்டரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாள் இதைத் தாங்கிட்டா இருந்த? வார்டுலயும் பீப் பீப், வீட்டுலயும் கீச்சு."

"அது கத்தறப்பல்லாம் நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "அதான் பால்கனில உக்காந்து பாத்துட்டு இருந்தேன்."

அவள் அட்டைப் பெட்டியைக் காட்டினாள். "கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும். குடுக்கணும்னா இன்னிக்குத்தான் கடைசி."

அவர் கிட்டாரைப் பார்த்தார். துளைக்குள் இருட்டில் அந்த அம்பு எந்தப் பக்கத்தையோ காட்டிக்கொண்டிருக்கும்.

"எதுக்குக் குடுக்கணும்? வண்டில ஒண்ணும் இல்ல," என்றார்.

தலைமை எழுத்தர் கதை அவளுக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல எங்க ஆஸ்பத்திரிலயே காதைக் காட்டிடலாம். நான் போனதும் சீட்டுப் போட்டு வைக்கறேன்," என்றாள். அவர் சரியென்று தலையாட்டினார்.

ஒயர் இல்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். அது தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியது. அதன் முதுகு அவர் நெஞ்சில் அதிர்ந்தது. காதைக் கேட்காமலேயே அது உள்ளே வந்து சேர்ந்தது. பத்து நாளில் முதல் தடவையாக அவள் பால்கனிக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். பாதி வாசித்தவர் நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"முனையை இங்க வை. கைப்பிடில காதை வச்சுக்கோ."

யாருக்கும் தராததைத் தருகிறார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் வாங்கி, அவர் காட்டிய இடத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மெதுவாக வாசித்தார்.

"உள்ள எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லு."

"நல்லா இருக்கு. ஆனா ஒரு சின்ன சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"டிக் டிக்குன்னு. மேல மெலிசா." கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். "உங்க சட்டைப் பொத்தான் பின்னால இடிக்குது."

அவருக்கு அது கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மறுபடி கிட்டாரைச் சேர்த்து அணைத்துக்கொண்டு மீட்டினார்.

"இப்ப?"

"இப்ப இல்ல," என்றாள் அவள். "வாசிங்க."